நடுவில் அழிந்த இரண்டு இலக்கம்

மார்ச் 4

அண்ணனுக்கு,

ஒன்பது வருஷமாக நீங்கள் ஒரு பதில்கூடப் போட்டதில்லை, ஆனாலும் மறுபடி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கிழிப்பதானாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள். நான் பணம் கேட்கவில்லை, தங்க இடம் கேட்கவில்லை. ஒரு கணக்கு இருக்கிறது, போட்டுத் தர வேண்டும்.

நவம்பர் இருபதாம் தேதி ஆறு ஊருக்குள் வந்தது. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கழுத்தளவு தண்ணீரில் மாடிப்படியில் நின்றிருந்தோம். படகு வந்தது. "பிள்ளைங்களை மட்டும் முதல்ல குடுங்க" என்றார்கள். மகளைத் தூக்கிக் கொடுத்தேன். அவள் மணிக்கட்டில் ஓர் எண் எழுதிய பட்டையைக் கட்டினார்கள். அதே எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் திணித்தார்கள். என்னை ஏற்றிய படகு வேறு திசையில் போய்விட்டது. அன்றைக்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

பதினோராயிரம் பிள்ளைகளாம், நாற்பது விடுதிகளாம். நிவாரண அலுவலகத்தில் தினமும் தாய்மார்கள் வரிசை. பெயரைச் சொன்னால் தேட மாட்டார்கள். பயத்தில் பாதிப் பிள்ளைகள் பெயரைக் கேட்டால் "பாப்பா" என்கிறார்களாம். என் மகளும் அதைத்தான் சொல்லியிருப்பாள், வீட்டில் வேறு என்ன சொல்லிக் கூப்பிட்டோம்? எண்ணைக் கொண்டுவந்தால்தான் பதிவேட்டைத் திறப்பார்கள். சீட்டை ரவிக்கைக்குள் வைத்திருந்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் மை கரைந்துவிட்டது. பன்னிரண்டு இலக்கத்தில் பத்து இருக்கிறது: 304861, பிறகு இரண்டு இலக்கம் இல்லை, பிறகு 7537.

ஒருவர் மூன்று தடவைதான் விண்ணப்பிக்கலாம். மங்கலாகத் தெரிந்ததை வைத்து நாற்பத்தொன்பது என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். "அப்படி ஓர் எண் வழங்கப்படவே இல்லை" என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு தடவை இருக்கிறது. நூற்றெண்பது நாளைக்குள் யாரும் வராவிட்டால் பிள்ளையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அதாவது மே பத்தொன்பது.

அதே எண்ணில் மற்ற இலக்கங்களை வைத்து அந்த இரண்டைக் கண்டுபிடிக்க முடியுமா? எனக்குத் தெரிந்து கணக்கு வாத்தியார் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வர வேண்டாம். கணக்கு மட்டும் போதும்.

தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கு நீ என்னை நீங்கள் என்று கூப்பிட்டாய்? மரியாதையைப் பார்த்ததும் யாரோ பெற்றோர் புகார் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் தூக்கி எறிந்துவிட்டு ஒரு லாரி டிரைவர் பின்னால் போனவளுக்குக் கணக்கு இப்போது ஞாபகம் வந்திருக்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன். இங்க் பேனா, அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து இலக்கம் மீதி இரண்டைத் தானாகச் சொல்லாது. ஆனால் இப்படி நீளமான எண்ணை யாரும் கண்டபடி கொடுப்பதில்லை. எழுதும்போது எழுத்தர் தப்பு செய்தால் கண்டுபிடிக்க அதற்குள் ஏதாவது ஒரு குணத்தைப் பதுக்கி வைத்திருப்பார்கள். கடைசி இரண்டு இலக்கம் பெரும்பாலும் அதற்காகத்தான். அந்தக் குணம் என்ன என்று தெரிந்தால் வழி உண்டு. அதற்கு முழுதாக இருக்கிற வேறு எண்கள் வேண்டும். உன்னோடு வரிசையில் நிற்கிற மற்ற தாய்மார்களிடம் கேள். குறைந்தது பத்து. ஓர் இலக்கம்கூடத் தப்பாமல் எழுது. ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி எழுது, உன் ஏழு எப்போதும் ஒன்று மாதிரியே இருக்கும்.

பிள்ளைக்கு என்ன வயது? நீ எழுதவில்லை.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

நாலரை வயது. அவள் பிறந்ததற்கு உனக்குக் கடிதம் போட்டேன். அவளுடைய அப்பா செத்ததற்கும் போட்டேன், இரண்டு வருஷம் ஆகிறது. லாரி கவிழ்ந்தது. நீ வரவில்லை. என் ஏழு எப்படி இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டு எண் சேர்த்திருக்கிறேன். சும்மா கிடைக்கவில்லை. சீட்டைக் கையில் வாங்கவே விட மாட்டேன் என்கிறார்கள். யாருக்குத்தான் மனசு வரும்? ஒருத்தி தன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ தூர நின்னு பாரு, தொடாத" என்றாள். இன்னொருத்தி என்னைப் பைத்தியம் என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டாள். பகலில் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு இஸ்திரி போடுகிறேன். அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அலுவலகத்துக்கு விடுகிறார்கள். கால் கடுக்க நின்று எழுதியது இது. ஒவ்வொன்றையும் மூன்று தடவை சரிபார்த்தேன்.

304861021126
304864330281
304870095088

மீதி ஒன்பதும் பின்பக்கத்தில் இருக்கிறது. சீக்கிரம் செய் அண்ணா. நாள் ஓடுகிறது. நேற்று ஒரு விடுதி வாசலில் போய் நின்றேன். உள்ளே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. "நம்பர் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டார்கள்.


மார்ச் 29

தங்கச்சிக்கு,

கிடைத்துவிட்டது! முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், உன் பொறுமை எனக்குத் தெரியும். அழிந்த இரண்டு இலக்கம் 0, 1. முழு எண் 304861017537. நாளைக்கே போய் விண்ணப்பி.

எப்படி என்றும் கேள், நீயும் பாதி வாத்தியார்தானே. எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தேன். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 3309155. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 5764807. இந்த இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற பெரிய எண் எது என்று தேடினால் 97 வந்து நின்றது. மற்ற ஒன்பதையும் கழித்துப் பார்த்தேன், எல்லா வித்தியாசமும் 97ஆல் வகுபட்டது. வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், பியூன் எட்டிப் பார்த்தான்.

அப்படியானால் எல்லா எண்ணும் 97ஆல் வகுத்தால் ஒரே மீதியைத் தர வேண்டும். தருகிறது, மீதி ஒன்று. அதுதான் பதுக்கி வைத்த குணம். எவ்வளவு புத்திசாலித்தனம் பார். எந்த இலக்கத்தை ஒருவன் மாற்றி எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் மீதி மாறிவிடும், தப்பு உடனே பிடிபடும்.

உன் எண்ணில் நடுவில் 00 போட்டேன். மீதி 89. நடுவில் ஒன்று கூட்டும்போதெல்லாம் மீதியில் ஒன்பது ஏறும், 97ஐத் தொட்டால் அதைக் கழித்துவிட வேண்டும். 89உடன் ஒன்பது சேர்த்தால் 98. அதில் 97 போனால் ஒன்று. முதல் படியிலேயே விடை! மறுபடி ஒன்று வர இன்னும் தொண்ணூற்றேழு படி ஏற வேண்டும், இரண்டு இலக்கத்தில் அவ்வளவு தூரம் கிடையாது. ஆகவே விடை ஒன்றே ஒன்றுதான், சந்தேகமே வேண்டாம்.

உன் கணவர் இறந்தபோது நான் ஸ்டேஷன்வரை வந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அதைச் சொல்ல இதுவரை எனக்கு மனசு வரவில்லை.

பாப்பா கிடைத்ததும் தந்தி மாதிரி ஒரு வரி போடு.

அண்ணா


ஏப்ரல் 21

அண்ணா,

பதில் வந்தது. அந்த எண்ணுக்குரிய பிள்ளை, பெண், வயது சுமார் நான்கு, டிசம்பர் பதினாறாம் தேதி காய்ச்சலில் இறந்துவிட்டது. அடக்கம் செய்தாகிவிட்டது. உடைமைகள் இணைக்கப்பட்டுள்ளன. அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். கீழே சீல்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எப்படி அறைக்கு வந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி என் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அழுது முடித்து, பொட்டலத்தைப் பிரித்தேன்.

இது என் பிள்ளையின் சட்டை இல்லை அண்ணா. மஞ்சள் சட்டை, முன்னால் ஆறு பித்தான். என் மகளுக்குப் பித்தான் போடப் பிடிக்காது, மூச்சு முட்டுகிறது என்று கத்துவாள். அவள் சட்டை எல்லாமே தலைவழியாக மாட்டுவது. அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தாள். அலுவலகத்தில் சொன்னேன். "விடுதியில வேற சட்டை குடுத்திருப்பாங்கம்மா" என்றார் எழுத்தர். பெற்றவளுக்குத் தெரியாதா?

இறப்பை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போடவில்லை. கணக்கை இன்னொரு தடவை பார் அண்ணா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.


ஏப்ரல் 29

என் தங்கச்சிக்கு,

மூன்று தடவை பார்த்தேன். உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. 304861017537ஐ 97ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான். கணக்கு சரி.

இதை மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். சட்டையை விடுதியில் மாற்றியிருப்பார்கள். தாய்க்கு மனசு ஏற்காது, எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணுக்கு ஆசையும் இல்லை, பயமும் இல்லை. அது பொய் சொல்லாது. நீ இப்படியே வரிசையில் நின்றுகொண்டிருந்தால் உன்னையும் நாங்கள் இழந்துவிடுவோம். கையெழுத்துப் போட்டுவிடு. என்னிடம் வந்துவிடு. பின்னறை காலியாகத்தான் இருக்கிறது.

நான் கிளம்பி வரட்டுமா?

அண்ணா


மே 8

அண்ணாவுக்கு,

வர வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ சொன்னாய் என்பதற்காகப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை, அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

"நாங்கள் இழந்துவிடுவோம்" என்று எழுதியிருக்கிறாய். யார் அந்த நாங்கள்?

இனி எழுத மாட்டேன்.


ஜூன் 3

உனக்கு எழுத மாட்டேன் என்றுதான் இருந்தேன். இதை எழுதாமல் முடியாது.

சலவைக் கூடத்தில் நேற்றுமுன்தினம் மின்சாரம் இல்லை. இஸ்திரிப் பெட்டி ஆறிப்போய்க் கிடந்தது. சும்மா உட்கார முடியவில்லை. உன் மார்ச் மாதக் கடிதம் பையில்தான் கிடந்தது. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தேன். நீ படி என்று சொன்னாயே, அந்தப் படிகளை. நம்பிக்கையால் இல்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல்தான். 00க்கு 89. 01க்கு ஒன்று. நீ அங்கே நின்றுவிட்டாய். நான் நிற்கவில்லை. 02க்கு பத்து, 03க்கு பத்தொன்பது, 04க்கு இருபத்தெட்டு. 11க்கு தொண்ணூற்றொன்று, 12க்கு மூன்று. ஒன்பது ஒன்பதாக ஏறிக்கொண்டே போனேன். கூட வேலை செய்கிறவள், "என்னடி, பைத்தியம் முத்திப் போச்சா?" என்றாள். சுவர் முழுக்க எழுதி, துணி மூட்டையின் மேல் ஏறி எழுதினேன்.

96க்கு எண்பது. 97க்கு மறுபடி எண்பத்தொன்பது. 98க்கு ஒன்று.

ஒன்று, அண்ணா. 98க்கும் மீதி ஒன்று. 304861987537. நாலு தடவை முழு எண்ணாகவே வகுத்துப் பார்த்துவிட்டேன்.

தொண்ணூற்றேழு படி ஏற இடமில்லை என்று எழுதினாயே! ஒன்றோடு தொண்ணூற்றேழைக் கூட்டினால் தொண்ணூற்றெட்டு. இரண்டு இலக்கம் தொண்ணூற்றொன்பதுவரை போகாதா? ஒரு வாத்தியாருக்கு இது தெரியாதா? எத்தனை பிள்ளைகளை முட்டிபோட வைத்திருப்பாய், முதல் விடை வந்ததும் பேனாவை மூடிவிட்டான் என்று!

பித்தான் வைத்த சட்டை யாரோ ஒருத்தியின் பிள்ளையுடையது. எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நீ எண் பொய் சொல்லாது என்றாய்.

மே பத்தொன்பது போய்விட்டது. கடைசி விண்ணப்பத்தை இன்றைக்குக் கொடுத்துவிட்டேன். "நீங்கதான் சாவை ஏத்துக்கிட்டீங்களே" என்று எழுத்தர் வாங்கவே மறுத்தார். மேசையில் தலையை முட்டிக்கொண்டேன். அப்புறம்தான் வாங்கினார்.


ஜூன் 10

தங்கச்சி,

நீ போட்டதுதான் சரி. 97ஆல் வகுத்தால் மீதிகள் பூஜ்ஜியத்திலிருந்து தொண்ணூற்றாறு வரை. அந்த நினைப்பிலேயே இருந்தேன். தொண்ணூற்றாறோடு உலகம் முடிந்துவிடுகிறது என்று. 97, 98, 99 என்று மூன்று பேர் வெளியே நிற்பது கண்ணில் படவில்லை. பத்தாம் வகுப்பில் ஒருவன் இப்படி எழுதினால் சுழித்துவிட்டுப் பாதி மதிப்பெண் கொடுப்பேன்.

நீ மறுபடி பார் என்று கெஞ்சியபோது நான் பார்த்தது என் விடை சரியா என்றுதான். வேறு விடை உண்டா என்று பார்க்கவே இல்லை. அந்த எண்ணில் ஒருவன் செய்கிற தப்பைப் பிடிக்க வழி வைத்திருந்தார்கள். என் தப்பைப் பிடிக்க அதில் வழி இல்லை.

பொய் சொன்னது எண் இல்லை. நான்தான். கர்வத்தில் சொன்னேன். வகுப்பில் நின்று பேச முடியவில்லை, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் வந்ததும், என்னவாக இருந்தாலும், சொல். திட்டியாவது எழுது.


ஜூலை 2

உயிரோடு இருக்கிறாள்.

உட்கார்ந்து படி. உயிரோடு இருக்கிறாள், ஆனால் என்னிடம் தர மாட்டார்கள். மே இருபத்துமூன்றாம் தேதி ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கெடு முடிந்து நாலு நாள். நான் சாவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுப் பதினைந்து நாள். விலாசம் சொல்ல மாட்டார்களாம்.

அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினேன். ஓர் அதிகாரி அம்மா வெளியே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தாய் அலட்சியமா விட்டுட்டாங்கன்னுதான் ஃபைல்ல இருக்கு. அப்படி இல்லன்னு காட்ட ஏதாவது எழுத்துல இருக்கா?"

இருக்கிறது என்றேன். உன்னிடம் இருக்கிறது.

நான் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் அனுப்பு. சட்டை என் பிள்ளையுடையது இல்லை என்று எழுதியது, காலில் விழுவதாக எழுதியது, எல்லாம். உன்னைத் திட்டியதையும் எடுக்காதே. நீ எழுதியவை என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்கப்போகிறேன். டிரைவர் பின்னால் போனவள் என்று எழுதியது, எண் பொய் சொல்லாது என்றது, எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்கள். உனக்குக் கேவலமாகத்தான் இருக்கும். கிழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.


ஜூலை 9

தங்கச்சி,

கிழிக்கவில்லை. ஆறும் பதிவுத் தபாலில் வருகிறது. உன் முதல் கடிதத்தில் ஓரத்தில் நான் பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறேன், அழிக்கவில்லை, இருக்கட்டும்.

கூடவே என் வாக்குமூலம். இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு சொல்லித் தருகிற நான், இரண்டு விடை உள்ள கணக்குக்கு ஒரு விடை சொன்னேன், தாய் மறுத்தும் அவளை வற்புறுத்தினேன், அவள் கையெழுத்துக்கு நானே காரணம், இதில் அவளுடைய அலட்சியம் ஒரு துளியும் இல்லை என்று எழுதித் தலைமை ஆசிரியர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "இது வெளியே போனா உங்க பேரு என்னாகும் சார்?" என்றார். போகட்டும் சார் என்றேன். சுவரில் நீ எழுதிய நூறு படிகளையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். செய்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

பிறகு, நாங்கள் என்று எழுதியது யார் என்று கேட்டிருந்தாய். நான் ஒருவன்தான். வேறு யாரும் இல்லை.


ஆகஸ்ட் 5

அண்ணா,

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். மூன்று அதிகாரிகள், எதிரே அந்தக் கணவன் மனைவி. அந்த அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடியே இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கடிதங்களை எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "நீங்க பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. பிள்ளை என்ன செய்யுதுன்னு பார்ப்போம்" என்றார் அந்த அதிகாரி அம்மா. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே கூட்டி வந்தார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒரு சுற்று பெருத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை. அவளை வைத்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு மெதுவாக நடந்து பாதி அறைவரை வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

பேசக் கூடாது என்று சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "கணக்குல ஒரு தப்பு ஆயிடுச்சு கண்ணு" என்றேன்.

"யாரு தப்பாப் போட்டாங்க?"

"உன் மாமா."

அவள் யோசித்தாள். அதிகாரிகள் மூன்று பேரையும், அந்தக் கணவனையும், வாசலில் நின்ற பியூனையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் தாடையைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"எந்த மாமா?"

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கே கிளம்பி வா. ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.